எது களம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். சுனாமிக் காலத்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறார். 2020 ஊரடங்கின்போது அவர் களத்துக்கே வரவில்லை. போனும் நோட்டுமாக அலுவலகத்திலேயே இருந்தார். மூட்டை தூக்கிய எங்களுக்குச் சால்வை போட்டார்கள், அவருக்கு ஒன்றுமில்லை. திரைமறைவில் உழைத்த அந்தத் தெய்வத்தைப் பற்றி எழுத ஆசை. அவரோ வேண்டாம் என்கிறார். எழுதலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தத் ‘தெய்வ’த்தை அடித்துவிடுங்கள். தெய்வமாக்கிவிட்டால் அவருடைய சம்பளத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். சால்வை கிடக்கட்டும். ‘களத்துக்கே வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. எது தம்பி களம்?

சுனாமி வந்த அடுத்த வாரம் தேவனாம்பட்டினம் போயிருந்தேன். லாரி லாரியாகப் பழைய துணி வந்து சாலையோரம் குவிந்து கிடந்தது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற பெண்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அள்ளிக் கொடுக்க ஊரெல்லாம் ஆள் இருந்தது. யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுத ஆள் இல்லை. அன்று முதல் நிவாரணம் என்றாலே பட்டியல் யாரிடம் என்றுதான் கேட்கிறேன்.

ஊரடங்கில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் ரேஷன் பொருளும் கிடைத்தன. அட்டையே இல்லாத இருளர் குடும்பம்? புகுந்த வீட்டு அட்டையில் பெயர் இருக்க, தாய்வீட்டுத் திண்ணையில் காலம் தள்ளும் பெண்? மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் மாவட்டத்தில் தொற்று கிடுகிடுவென ஏறியது. வந்தவர்களை முகாமில் வைத்தார்கள். அவர்களை நம்பி வீட்டில் இருந்த கிழவிக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனது யாருக்குத் தெரியும்? நாலு பேருக்குப் போன் போட்டு விசாரித்தவருக்குத்தான் தெரியும்.

இதே வேலை பார்த்த இன்னொருவரின் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். நீளக் கணக்கு நோட்டு. பெயர்களுக்கு எதிரே பென்சிலில் குறிப்புகள்: ‘அடுப்பு இல்லை, சமைத்த சாப்பாடு.’ ‘இன்சுலின், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில்.’ ‘பகலில் போக வேண்டாம், கூச்சப்படுகிறார்.’ அடுப்பில்லாத வீட்டில் நீங்கள் இறக்கிவைக்கும் அரிசி மூட்டையை என்ன செய்வார்கள்? வாயில் போட்டு மெல்வார்களா? நீங்கள் எந்த வாசலில் மூட்டையை இறக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் உங்கள் தெரு அக்கா. தலைச்சுமையின் அருமை எனக்கும் தெரியும், உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வழி சொன்னவரைக் களத்துக்கு வராதவர் என்று சொல்லாதீர்கள்.

எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். அதைவிட, அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்தத் தெருவில் யாரைக் கேட்டால் உண்மை வரும் என்பதெல்லாம் அவர் மனதில்தான் இருக்கிறது. 2011இல் ‘தானே’ புயல், 2015இல் வெள்ளம் என்று பார்த்த ஊர் உங்களுடையது. ஐப்பசி மழைக்கு முன் கற்றுக்கொள்ளுங்கள்.