கூல்டியன் முட்டைகள் தும்புக்கடியில் புதைவது ஏன்?

கேள்வி: வெள்ளவத்தையில் மொட்டைமாடியில் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் 6 அடி உயரமும் கொண்ட கூண்டொன்றில் ஸீப்ரா பின்ச் 4 சோடி, பெங்காலீஸ் 2 சோடி, கூல்டியன் 2 சோடி என மூவினச் சிறு குருவிகளை வளர்க்கிறேன். கூல்டியன்கள் முட்டையிட்டும் குஞ்சு பொரிப்பதில்லை. முட்டைகள் தும்புக்கடியில் புதைந்து கிடக்கின்றன. கடைக்காரர் தந்த விற்றமின் துளிமருந்தால் பலனில்லை. வேறெந்த மருந்து கொடுக்கலாம்? ஜாவாக் குருவி ஒரு சோடி சேர்க்கலாமா?

பதில்: மருந்து எதுவும் வேண்டாம். முட்டையிடும் பறவைக்கு விற்றமின் விற்றவர் கூண்டில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று கேட்டிருந்தால், அந்தப் போத்தலை விற்றிருக்க முடியாது.

கூல்டியன் தன் கூட்டுப் பெட்டிக்குள் மிகக் குறைவாகவே புல் இடும். சில சோடிகள் வெறும் பலகையிலேயே முட்டையிட்டு விடும். ஆகவே அதன் பெட்டியில் தடித்த தும்புப் படுக்கை இருந்தால், அதைச் சுமந்து வந்தது பெரும்பாலும் ஸீப்ராவாகத்தான் இருக்கும். கண்ணில் நார் பட்டுக்கொண்டிருக்கும்வரை ஸீப்ரா ஆண் கூடு கட்டுவதை நிறுத்தாது. பிறர் கூட்டையும் கைப்பற்றி, அங்கிருக்கும் முட்டைகளின்மேல் புதிய படுக்கை விரிக்க, பெட்டை அதன்மேல் தன் முட்டைகளை இடும். படுக்கையை அடுக்கடுக்காகப் பிரித்துப் பாருங்கள். கூல்டியன் முட்டைகள் அடியில் குளிர்ந்து கிடக்கும்.

தும்பைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தை நான் அறவே வெறுக்கிறேன். கூடு கட்டும் நாட்களில் மட்டும் விரல் நீளத்துக்கு வெட்டிய காய்ந்த புல்லைக் கொடுத்து, முதல் முட்டையைக் கண்டதும் மிச்சத்தைக் கூண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். நீண்ட தும்பு குஞ்சின் காலில் சுற்றி இறுகினால், கால் வீங்கிக் கருத்த பின்னரே நமக்குத் தெரியவரும். கடைகளில் 'கூட்டுப் பஞ்சு' என்று விற்கும் செயற்கை இழை இதைவிட மோசமானது. அதை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

இருந்தாலும் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்த மூவினமும் இனப்பெருக்கக் காலத்தில் ஒரே கூண்டில் இருக்கலாமா என்பதுதான். இருக்கக்கூடாது. பெங்காலீஸ் சண்டைக்காரப் பறவையல்ல. ஆனால் கூட்டமாக ஒரே பெட்டிக்குள் நெருக்கியடித்து அடைகாக்கும் பறவையைக் கலைத்துவிடும். உங்கள் பெங்காலீஸ்கள் உண்மையில் சோடிகள்தானா என்பதையும் பாருங்கள்: நிறத்தைக் கொண்டு ஆண், பெண் பிரிக்க இயலாது, ஆண் மட்டுமே பாடும். ஒரே பெட்டியில் 10 முட்டைகள் சேர்ந்தால், இரண்டு பெட்டைகளைச் சோடியென்று உங்களிடம் விற்றிருக்கிறார்கள் எனச் சந்தேகிக்கலாம்.

ஜாவாக் குருவி வேண்டாம். ஸீப்ராவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு எடையும் தடித்த அலகும் கொண்ட பறவையை இந்த அளவுக் கூண்டில் விட்டால் சிறியவை ஒதுங்கியே இருக்கும்.

முதலில் ஸீப்ராக்கள் எல்லாவற்றையும், பின்னர் பெங்காலீஸ்களையும் வேறு கூண்டுகளுக்கு மாற்றுங்கள். பழைய படுக்கையை அகற்றிப் பெட்டிகளைக் கழுவி வெயிலில் உலர்த்திய பிறகே கூல்டியன்களுக்குப் புதிய புல் வையுங்கள்.