கடற்கரை முகாமுக்குப் பிக்கப்பை ஆயத்தப்படுத்துகையில் முதற்செலவு எதற்கு?

திருகோணமலையிலிருந்து குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் சென்று தங்குவதற்கு, பிக்கப்பில் முதலில் கூரைக் கூடாரம் (வாகனத்தின் மேல் விரித்துப் படுக்கும் கூடாரம்) பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தில், டயரைக் கவனித்த பின்பே கூடாரத்தை யோசிக்க வேண்டும். தார் வீதியில் 30 பிஎஸ்ஐ (டயர்க் காற்றழுத்த அலகு) அளவில் இருக்கும் காற்றை, மணலில் இறங்குமுன் 18 வரை குறைத்தால், டயர் நீளவாக்கில் படிந்து பாரத்தைப் பரப்புவதால் சில்லு புதைவது பெரிதும் குறையும்; ஆனால் அந்த நிலையில் சடுதியாகத் திருப்பினால் டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும் என்பதால், வேகம் கூடாது; வீதிக்கு ஏறியதும் மீண்டும் நிரப்ப 12 வோல்ட் கம்பிரசரும் இன்றியமையாதது. மணலில் புதைந்தால் வாகனத்தை வெளியே இழுக்கும் இழுவைப் பட்டியை, அதன் அடிச்சட்டமான சேசிஸில் பொருத்திய கொளுக்கியில் மட்டுமே மாட்டுங்கள். ட்ரெயிலர் பூட்டும் உருண்டையில் மாட்டினால், அது முறிந்து பறந்து ஆளையே கொல்லக்கூடும். கூடாரத்தைக் கூரைக்கு மேல் ஏற்றாமல், சாமான் ஏற்றும் பின்தட்டின் மேல் தாழ்வான சட்டத்தில் பொருத்தினால் வாகனம் சாயும் அபாயம் குறையும். திரும்பியதும் அடிப்பாகத்து உப்பை நன்னீரால் கழுவிவிடுங்கள்.