சர்வோ ஸ்டிக்கைப் பூட்டிக்கொண்டால்? சொந்தமாகக் கட்டிய விமானத்தில் ஆட்டோபைலட்

கேள்வி: நான் கட்டிவரும் ஆர்வி-7 விமானம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. பிட்ச் (மூக்கின் ஏற்ற இறக்கம்), ரோல் (பக்கவாட்டுச் சாய்வு) இரண்டுக்கும் சர்வோ, அதாவது கட்டுப்பாடுகளை நகர்த்தும் மோட்டார், உள்ள ஆட்டோபைலட் வாங்கியிருக்கிறேன். சான்றிதழ் இல்லாத கருவி என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். நம்பலாமா? நடுவானில் தாறுமாறாக இழுத்தால் என்ன செய்வது?

பதில்: சான்றிதழைப் பற்றிய பயம் பாதிதான் சரி. கார்மின் ஜிஎஃப்சி 500, செஸ்னா 172 போன்ற சான்றிதழ் பெற்ற விமானங்களுக்கான ஆட்டோபைலட். அதில் இருப்பது ஜிஎஸ்ஏ 28 சர்வோ. சொந்தமாகக் கட்டும் எக்ஸ்பெரிமென்டல் விமானங்களில் கார்மினின் ஜி3எக்ஸ் கருவித் திரையோடு பொருத்துவதும் அதே ஜிஎஸ்ஏ 28 தான். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. செஸ்னாவில் பிராக்கெட் எது, சர்வோ கையில் எந்தத் துளை, டார்க் (முறுக்கு விசை) எவ்வளவு என்பதை ஒருவர் சோதித்து எழுதித் தந்திருக்கிறார். உங்கள் விமானத்தில் அந்த ஒருவர் நீங்கள்தான். எனவே பெட்டியைச் சந்தேகிப்பதற்கு முன் ராட் எண்டையும் (இணைப்புத் தண்டின் முனையிலுள்ள குண்டு மூட்டு) ஸ்டாடிக் குழாயையும் (வெளிக்காற்றின் அழுத்தத்தை உயரம் காட்டும் ஆல்டிமீட்டருக்குக் கொண்டுவருவது) சந்தேகியுங்கள்.

உயிருக்கு உலை வைக்கக்கூடியது சர்வோ கையின் கோணம். ஆர்வி-7இல் பிட்ச் சர்வோ பின்னால் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) இயக்கும் பெல்கிராங்க் நெம்புகோலோடு சேரும். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரை ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் முழுதாகத் தள்ளச் சொல்லிப் பாருங்கள். சர்வோ கையும் அதை இழுக்கும் புஷ்ராடும் (இணைப்புத் தண்டு) ஒரே நேர்க்கோட்டை நெருங்குகிறதா? நெருங்கினால் ஆபத்து. கோட்டைத் தாண்டிவிட்டால் கை மறுபக்கம் மடங்கிப் பூட்டிக்கொள்ளும். ஸ்டிக் திரும்பி வராது. மின்சாரத்தைத் துண்டித்தாலும் வராது, ஏனென்றால் பூட்டியிருப்பது மோட்டார் அல்ல, வடிவியல். நடுநிலையிலிருந்து இரு பக்கமும் 60 டிகிரிக்குள் கை நிற்க வேண்டும். 1.5 இஞ்ச் தூரத்துத் துளையில் ராடை மாட்டினால், 60 டிகிரியில் ராட் ஒரு பக்கம் சுமார் 1.3 இஞ்ச் நகரும். பெல்கிராங்க் அதற்கு மேல் இழுத்தால் அந்தத் துளை உதவாது. கை அந்தக் கோணத்தைத் தாண்டாமல் நிறுத்தத் தயாரிப்பாளர் தரும் தடுப்பு பிராக்கெட்டை, ‘நம்முடையதில் தேவைப்படாது’ என்று பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள்.

ராட் எண்ட் போல்ட்டில் பெரிய ஏஎன்970 வாஷர் போடுங்கள். உள்ளிருக்கும் குண்டு தேய்ந்து கழன்றாலும் ராட் போல்ட்டை விட்டு வெளியேறாமல் அது தடுக்கும். ராட் எண்டைப் பூட்டும் ஜாம் நட்டை முறுக்கியதும் டார்க் சீல் மையால் ஒரு கோடு இழுங்கள். அடுத்த ஆய்வில் கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று டார்ச் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்து டார்க். 36 இஞ்ச்-பவுண்ட் சர்வோ, 1.5 இஞ்ச் துளையில் சர்வோ கைக்குச் செங்கோணத்தில் ராடை இழுக்கும்போது 24 பவுண்ட், ஏறத்தாழ 11 கிலோ, விசை தரும். ஸ்டிக் நீளமான நெம்புகோல் என்பதால் உங்கள் கைக்கு அதில் ஒரு பங்குதான் வரும். எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். தரையில் ஆட்டோபைலட்டை இயக்கி, மீன் எடைபோடும் வில்தராசைக் கைப்பிடியில் மாட்டி இழுத்து, சர்வோ வழுக்கும் எண்ணைக் குறித்து வையுங்கள். ஒற்றைக் கையால் வசதியாக மீறமுடியாவிட்டால் மெனுவில் டார்க்கைக் குறையுங்கள். குறைந்த அளவில் தொடங்கி, லேசான குலுக்கலில் வழுக்காத அளவுக்கு மட்டும் ஏற்றுவதே நல்லது. முழு அளவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் தங்களோடு மல்யுத்தம் செய்ய ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்டிக்கில் இருக்கும் சிவப்புப் பொத்தான் ஒரு வேண்டுகோள்தான். மென்பொருள் கேட்டால் சர்வோ விடும். ஆகவே சர்வோ மின்சாரத்துக்குத் தனியாக, பெல்ட் போட்ட நிலையில் கை எட்டும் இடத்தில், இழுக்கக்கூடிய பிரேக்கரோ சுவிட்சோ வேண்டும். பேனலுக்குப் பின்னால் ஃபியூஸ் பிளாக் வைப்பது கட்டுபவருக்கு வசதி. 2,000 அடியில் அது எட்டாது.

“உயரத்தைப் பிடிக்கச் சொன்னால் மேலும் கீழும் ஊஞ்சலாடுகிறது” என்பது அடிக்கடி வரும் புகார். எல்லோரும் உடனே கெயின் எண்களை (ஆட்டோபைலட் எவ்வளவு வலுவாகத் திருத்த வேண்டும் என்ற அமைப்பு) மாற்றத் தொடங்குவார்கள். முதலில் ஸ்டாடிக் லைனைச் சோதியுங்கள். ஆர்வி விமானங்களில் ஸ்டாடிக் துளையாக வேலை செய்வது குவிந்த தலையுள்ள ஒரு பாப் ரிவெட். அழகுக்காக அதைத் தட்டையாக மாற்றினால் உயரமும் வேகமும் பிழையாகும். கசிவுக்கு, ஊசி சிரிஞ்சைக் குழாயோடு இணைத்து மெதுவாக உறிஞ்சி ஆல்டிமீட்டரை 1,000 அடி ஏற்றுங்கள். ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. பிடியை விடும்போதும் மெதுவாகவே விடுங்கள், இல்லையென்றால் கருவி போய்விடும். கசிவில்லை என்றால் கட்டுப்பாடுகளின் உராய்வைப் பாருங்கள். அதன்பிறகுதான் கெயின். திசை தள்ளாடினால், திசையை உணரும் மேக்னடோமீட்டருக்கு அருகில் இரும்புத் திருகோ, விளக்கு வயரோ, சர்வோ மோட்டாரோ இருக்கிறதா என்று தேடுங்கள். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, ஸ்டிக்கையும் அசைத்து, திசை எண் நகர்கிறதா என்று பார்ப்பதே போதுமான சோதனை.

கருவி சரியாக வேலை செய்துகொண்டே விமானத்தை ஸ்டாலுக்கு (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) கொண்டுபோவதும் உண்டு. நிமிடத்துக்கு 800 அடி ஏறு என்று சொல்லிவிட்டு நீங்கள் வரைபடத்தைப் பார்க்கிறீர்கள். உயரம் கூடக்கூட எஞ்சின் சக்தி குறைகிறது. சொன்ன 800ஐக் காப்பாற்ற அது மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும். எனவே வேகத்தைப் பிடிக்கும் முறையில் ஏறுங்கள். குறைந்தபட்ச வேக எல்லையை அமைப்பில் பதிந்து வையுங்கள். வேக முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயின் வாயும் வடிகாலும் பனியால் அடைபட்டால் வேகமானி ஆல்டிமீட்டர் போல நடந்துகொள்ளும்: ஏற ஏற வேகம் கூடுவதாகக் காட்டும், ஆட்டோபைலட் அதைக் குறைக்க மூக்கை இன்னும் தூக்கும். ஜிபிஎஸ் வேகத்தோடு அவ்வப்போது ஒப்பிடுங்கள்.

முதல் மணிநேரங்களில் ஆட்டோபைலட்டைத் தொடவே வேண்டாம். விமானம் கையில் பழகிய பிறகு, 3,000 அடிக்கு மேல், நல்ல பகல் வெளிச்சத்தில் ரோலை மட்டும் இயக்குங்கள். அது ஒழுங்காக நின்றபின் பிட்ச். எடைமையம் பின்னால் இருக்கும்போது பிட்ச் கூர்மையாகிவிடும் என்பதால் அந்த நிலையிலும் ஒருமுறை சோதிக்காமல் பயணியை ஏற்றாதீர்கள்.

தாறுமாறாக இழுத்தால்: முதலில் ஸ்டிக்கை இறுகப் பிடியுங்கள், பிறகு பொத்தான், பிறகு பிரேக்கர். பிடிக்காமல் பொத்தானை அழுத்தினால், ட்ரிம் (ஸ்டிக்கின் சுமையைச் சமன்செய்யும் அமைப்பு) எங்கேயோ ஓடிப்போயிருக்கும். சர்வோ தாங்கிக்கொண்டிருந்த சுமை முழுதும் ஒரே நொடியில் மூக்கைத் தள்ளும். விமானம் நேரானதும் ட்ரிமைச் சரிசெய்யுங்கள். ‘இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம்’ என்ற ஆசை வரும். பிரேக்கரை இறங்கும்வரை இழுத்தபடியே விடுங்கள். காரணம் தெரியும்வரை தரையில் சர்வோ புஷ்ராடை இரு முனையிலும் கழற்றி வெளியே எடுத்து, லாக்புக்கில் எழுதிவிட்டுப் பறக்கலாம். ஆர்வி-7 கையாலேயே நன்றாகப் பறக்கும் விமானம்.