பழைய கார், கடுங்குளிர், காலை ஸ்டார்ட்: கேள்வி பதில்

கேள்வி: ராத்திரி உறைபனி பெய்தால் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றி நின்றுவிடுகிறது சார். பேட்டரிக்கு 2 வயதுதான். மாற்றிவிடலாமா?

பதில்: முதலில் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான், சார்ஜ் போட்டுவிட்டு மேலே பாருங்கள். அடுத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். முழு சார்ஜ் இருந்தும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் பேட்டரி தளர்ந்துவிட்டது. 10, 11-இல் நின்றும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் வயரைச் சந்தேகப்படுங்கள்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரை (பேட்டரி நெகட்டிவிலிருந்து வண்டி உடம்புக்கும் இன்ஜினுக்கும் போவது) கழற்றுங்கள். கிளாம்புக்குள் பச்சைப் பொடி பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டு உலோகம் மின்னும்வரை தேய்த்து இறுக்குங்கள். நல்ல பேட்டரிகள் பல இந்த ஒரு வயரால்தான் குப்பைக்குப் போகின்றன.

ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது ஆறவிடுங்கள். இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகும்.

கேள்வி: கார்புரேட்டர் வண்டி. சோக் இழுத்து நாலைந்து தடவை ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன். பெட்ரோல் வாசனைதான் வருகிறது.

பதில்: மிதிப்பதுதான் தப்பு. ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் பம்ப் பச்சைப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. குளிரில் அது ஆவியாகாமல் பிளக்கை நனைக்கிறது. சோக் என்பது கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைக்கும் மூடி. கையால் இழுக்கும் சோக் என்றால் முழுக்க இழுத்து, கிளட்சை மிதித்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் அடியுங்கள். கிளட்ச் எதற்கென்றால், கியர்பாக்ஸில் கெட்டியான ஆயிலையும் செல்ஃப் சேர்த்துச் சுற்ற வேண்டாமே. ஆட்டோமேட்டிக் சோக் என்றால் ஒரே ஒரு தடவை முழுக்க மிதித்து விடுங்கள். அப்போதுதான் சோக் மூடி விழும்.

ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டதா? சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை அடிவரை அழுத்திப் பிடித்தபடி (விட்டு விட்டு மிதிக்கக் கூடாது) அடியுங்கள். காற்று ஓடி பெட்ரோலை வெளியேற்றும். அப்படியும் எடுக்காவிட்டால் பிளக்கைக் கழற்றி உலர்த்துங்கள். ஸ்டார்ட் ஆனதும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுங்கள். இழுத்தபடியே விட்டால் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும்.

கேள்வி: 20டபிள்யூ-50 ஆயில் போதுமா?

பதில்: பூஜ்யத்துக்குக் கீழே போகும் இடத்தில் வேண்டாம். வண்டிப் புத்தகம் அனுமதித்தால் 10டபிள்யூ-40. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குறைந்தால் குளிரில் ஆயில் இளக்கமாக ஓடும்.

கேள்வி: பழைய டீசல். வெள்ளைப் புகை வருகிறது, பற்றவில்லை.

பதில்: டீசல் எரியாமல் வெளியே வருகிறது. ஹீட்டர் பிளக்குகளின் (ஸ்டார்ட் ஆகும் முன் சிலிண்டருக்குள் சூடேற்றுபவை) வயரைக் கழற்றி ஒவ்வொன்றையும் இன்ஜினோடு வைத்து அளந்து பாருங்கள். 1 ஓம் அளவில் காட்டினால் சரி. எதுவுமே காட்டாதது எரிந்துபோனது. அந்தப் பிளக்கை இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றுங்கள். குளிரில் முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்து சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீர்கள். சூடான ஹீட்டர் பிளக்கில் பட்டு நேரங்கெட்டு வெடித்து பிஸ்டனையே உடைக்கும்.

கேள்வி: பேட்டரி முழுக்க இறங்கி உறைந்துவிட்டது. ஜம்பர் வயர் போட்டு வேறு வண்டி பேட்டரியிலிருந்து ஸ்டார்ட் பண்ணலாமா?

பதில்: கூடவே கூடாது, வெடிக்கும். முழு சார்ஜில் உள்ள ஆசிட் மைனஸ் 50 டிகிரி செல்சியஸுக்கும் கீழேதான் உறையும். இறங்கிய பேட்டரி மைனஸ் 10 சுமாரிலேயே உறைந்துவிடும். கழற்றி உள்ளே வைத்து முழுக்க உருகவிடுங்கள். பெட்டி உப்பியோ விரிசல் விட்டோ இருந்தால் அது இனி ஆகாது. நன்றாக இருந்தால் மெதுவாக சார்ஜ் போட்டுப் பாருங்கள்.