தங்கத்தை விடுங்கள், முழங்காலைப் பாருங்கள்
பழைய இத்தாலிய ஓவியர்கள் சிமாபுவே, ஜொட்டோ இரண்டு பேரின் மரியாள் (இயேசுவின் அம்மா) ஓவியத்திலும் அதே தங்கப் பின்னணி, அதே சிம்மாசனம்தானே, ஜொட்டோ மட்டும் எப்படிப் புதுசு என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே ஃபிளாரன்ஸில் உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சிமாபுவே வரைந்ததில் (சுமார் 1280–90) ஆடை முழுக்கத் தங்கக் கோடுகள், அழகுதான், ஆனால் துணிக்குள் உடம்பு இருப்பதாகவே தோன்றாது. ஜொட்டோ (சுமார் 1300–10) அந்தக் கோடுகளை விட்டுவிட்டு வெளிச்சத்தையும் நிழலையும் வைத்தே துணியை மடித்திருக்கிறார், முழங்கால் முட்டிக்கொண்டு தெரிகிறது, மரியாள் நிஜமாகவே கனத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் சிம்மாசனத்தின் பக்கத் திறப்பைப் பாருங்கள், பின்னால் நிற்கும் தாடிக்காரர் ஒருவரின் முகம் அதன் வழியே எட்டிப் பார்க்கும். அதாவது அங்கே ஆள் நிற்க இடம் இருக்கிறது! தூரத்தில் இருப்பது எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்று கணக்குப் போட்டு வரைந்த தூரக்காட்சிக்கு மட்டும் 1420களில் மசாச்சோ என்ற ஓவியர் வரவேண்டியிருந்தது.