ஸ்டாலினின் வாரிசாகக் கருதப்பட்ட மாலென்கோவ் ஏன் இரண்டே ஆண்டுகளில் பதவியிழந்தார்?

சுருக்கமாகச் சொன்னால், அரசை வைத்துக்கொண்டு கட்சியைக் கைநழுவ விட்டார். 1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்ததும் சோவியத் பிரதமர் பதவி, கம்யூனிஸ்ட் கட்சிச் செயலகம் இரண்டும் அவரிடம் இருந்தன. ஒன்பதே நாளில், மார்ச் 14 அன்று, செயலகத்தை விட்டு விலக நேர்ந்தது. அங்கேதான் சறுக்கல். மாகாணக் கட்சிச் செயலாளர்களை நியமித்தது செயலகம். கட்சியின் தலைமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் மத்தியக் குழுவில் அவர்கள்தான் பெரும் பகுதி. செப்டம்பரில் கட்சியின் முதல் செயலாளரான குருஷ்சேவ் அந்த இடங்களைத் தன் ஆட்களால் நிரப்பினார்.

மாலென்கோவின் கொள்கை மோசமில்லை. விவசாய வரியைக் குறைத்தார், நுகர்பொருள் உற்பத்திக்கு முன்னுரிமை கேட்டார். அணு ஆயுதப் போர் நாகரிகத்தையே அழிக்கும் என்று 1954இல் சொன்னதும் சரிதான். ஆனால் கனரகத் தொழிலைப் புறக்கணித்தார் என்ற குற்றச்சாட்டுக்கு அதெல்லாம் தீனியானது. 1955 பிப்ரவரியில் அனுபவக் குறைவை ஒப்புக்கொண்டு பதவி விலகினார்.

1957 ஜூனில் குருஷ்சேவை வீழ்த்தத் தலைமைக் குழுவில் பெரும்பான்மை கிடைத்தும் தோற்றார். பாதுகாப்பு அமைச்சர் ஜுக்கோவ் ராணுவ விமானங்களில் மத்தியக் குழு உறுப்பினர்களை மாஸ்கோவுக்குக் கொண்டுவர, முடிவு தலைகீழானது. பிறகு கசகஸ்தானில் மின்நிலைய மேலாளர் வேலை. மின்பொறியியல் படித்தவர்தான், அந்த அளவில் பொருத்தம்! 1961இல் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார், 1988இல் இறந்தார்.