இலவசம் என்று போர்டு வைத்தால் வருவார்களா?

வணக்கம்.

எங்கள் ஊர் சபா ஒன்றின் செயற்குழுவில் இருக்கிறேன். 220 இருக்கை அரங்கு, மாதம் இரண்டு நிகழ்ச்சி. அரங்கின் பின்சுவரை ஒட்டியே ஒரு தெரு, நெருக்கமாக வீடுகள். அங்கிருந்து ஒருவரும் வருவதில்லை. போன வருஷம் ‘அனுமதி இலவசம்’ என்று வாசலில் போர்டு வைத்துப் பார்த்தோம், பலனில்லை. அவர்களுக்கு ஆர்வமில்லை என்கிறார்கள் மற்ற உறுப்பினர்கள். அப்படித்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தெருவில் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை அடிப்பவர் இருப்பார், கானா பாடும் பையன் இருப்பான். அவர்கள் உங்கள் மேடையில் ஏறியதுண்டா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்க வரச் சொல்லியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

2015 தொடக்கத்தில் சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குப்பத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் முதலானோர் ஒரு விழா தொடங்கினார்கள். முதலில் அதன் பெயரிலேயே, சபாக்களின் கச்சேரி மாதமான ‘மார்கழி’ இருந்தது. மேட்டுக்குடிக் கலையை மீனவர்களிடம் கொண்டுபோய் இறக்குவதா என்ற விமர்சனம் எழுந்தது. பிறகு பெயரிலிருந்து மார்கழி போயிற்று. கச்சேரி குப்பத்துக்குப் போனதுபோல, பறையாட்டம் மயிலாப்பூர் அரங்குக்கு வந்தது. பின்னாளில் விழாவே ‘சென்னை கலைத் தெரு விழா’ ஆனது. இந்தப் போக்குவரத்து இரண்டு பக்கமும் நடக்க வேண்டும் என்பதுதான் என் பதில். மற்றதெல்லாம் வேலை விவரம்.

பறைக்குழுவை அழைப்பதாக வைத்துக்கொள்வோம். தோல் விறைப்பாக இருந்தால்தான் ஓசை எழும். மேடை ஏறுவதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும், ஈரக்காற்று இருந்தால் நடுவிலும் காய்ச்ச வேண்டும். ‘வளாகத்தில் தீ மூட்டக் கூடாது’ என்று கடைசி நேரத்தில் காவலாளி தடுத்தால் அன்றைய ஆட்டம் கெட்டது. கூரையில்லாத ஒரு மூலை, இரண்டு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், முன்கூட்டியே எழுத்தில் அனுமதி: இவ்வளவு போதும். பறைக்கு முன்னால் மைக் வைக்காதீர்கள். கான்கிரீட் சுவர் அரங்கில் ஓசை மோதித் திரும்பிக் காதைக் கிழிக்கும், பிறகு ‘இது இரைச்சல்’ என்று உங்கள் உறுப்பினர்களே சொல்வார்கள். குறை பறையில் இல்லை. முற்றத்தில் வட்டமாக ஆடவிட்டுப் பாருங்கள். தெருக்கூத்தும் அப்படித்தான். விடிய விடிய நடப்பதை 45 நிமிடமாக நறுக்கிக் கேட்காதீர்கள். வேஷம் கட்டவே மணிக்கணக்கில் ஆகும் என்பதால் ஒப்பனை அறையை மதியமே திறந்துவிட வேண்டும். சம்பளம் கச்சேரிக்காரருக்கு எவ்வளவோ அதே கணக்கு, அதே இரவில் கையில். பொன்னாடை சம்பளம் ஆகாது.

நேரத்துக்கு வருவோம். மாலை ஆறரை என்பது ஓய்வூதியக்காரர்களின் நேரம். வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்கு அப்போதுதான் அடுப்பு எரிகிறது, தண்ணீர் வருவதும் அப்போதாக இருக்கலாம். தேதி குறிக்கும் முன் அங்குள்ள மகளிர் சுய உதவிக் குழுவிடம் கேளுங்கள். ஆடித் திருவிழா, பள்ளித் தேர்வு எதுவும் மோதாமல் அவர்களே நாள் சொல்வார்கள்.

போர்டைவிட வாசலில் நிற்கும் ஆள் முக்கியம். லுங்கியோடு வருபவரை ‘எங்கே போறே?’ என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அது அன்று இரவே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அந்த வேலைக்குத் தெருவிலிருந்தே ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். முதல் மூன்று வரிசையை ‘முக்கியஸ்தர்’ என்று கயிறு கட்டாதீர்கள். குழந்தை அழுதால் யாரும் முறைக்கக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே மைக்கில் சொல்லிவிடலாம்.

சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வாசலில் ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் பதினெட்டு அடி. பல இடங்களில் ஆறடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலியைத் தள்ள இரண்டு பேர் வேண்டும், இறக்கும்போது ஆபத்து. உள்ளே கடைசி வரிசைக்குப் பின்னால் ஒதுக்காமல், நடுவரிசையில் நடைபாதை ஓரம் இரண்டு நாற்காலிகளைக் கழற்றி இடம் விடுங்கள். கூட வருபவரும் பக்கத்திலேயே உட்காரலாம்.

செயற்குழுவில் தெருவிலிருந்து ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் தலையாட்டும் பொம்மையாகிவிடுவார். இரண்டு பேராவது வேண்டும், அதில் ஒரு பெண். வேலைநாள் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். ஞாயிறு மாலை வையுங்கள். இன்னொன்று, தெரு என்பது ஒரே குரல் இல்லை. ‘தலைவர்’ என்று முன்னால் வருபவரோடு மட்டும் பேசினால் அவருக்கு வேண்டியவர்களே வருவார்கள். கோயில் பக்கம் ஒரு கூட்டம், குழாயடிப் பக்கம் ஒரு கூட்டம் என்று தனித்தனியாகப் பேசுங்கள்.

மாதத்தில் இரண்டு நாள் போக மற்ற நாட்களில் அரங்கு பூட்டியே கிடக்கிறது. வாரம் மூன்று மாலை, ஆறு முதல் எட்டு வரை, ஏசி போடாமல் விளக்கும் மின்விசிறியும் மட்டும் போட்டு, பிள்ளைகள் படிக்கவும் பையன்கள் ஒத்திகை பார்க்கவும் கொடுங்கள். ஆகும் மின்கட்டணத்தை ஒரு மாதம் மீட்டரில் குறித்துச் செயற்குழுவில் வையுங்கள், எதிர்ப்பு பாதி அடங்கும். சாவி ஒன்று தெருவில் இருக்கட்டும். அதை யாரிடம் கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், அவர்களிடம் கேளுங்கள்.

அன்புடன்.